லஞ்சம் வாங்காத அலுவலகமும் வெடிக்காத டார்பிடோவும்

"ஆயுதக் கொள்முதல் என்றாலே நம் ஊரில் ஊழல் பேச்சுதான் வருகிறது. லஞ்சத்தை ஒழித்துவிட்டால் படைவீரன் கைக்கு நல்ல ஆயுதம் போய்ச் சேர்ந்துவிடுமா? மற்ற நாடுகளின் வரலாறு என்ன சொல்கிறது?" என்பது கேள்வி.

சேராது என்பதுதான் என் பதில். லஞ்சம் ஒழியத்தான் வேண்டும், அதில் மறுபேச்சே இல்லை. ஆனால் ஒரு பைசாகூடக் கை மாறாமல், நல்ல படிப்பும் நாட்டுப்பற்றும் உள்ள அதிகாரிகளே சேர்ந்து, நடுப்போரில், தங்கள் வீரர்களுக்கு வெடிக்காத ஆயுதத்தை ஏறத்தாழ இரண்டு வருடம் கொடுத்துக்கொண்டிருந்த கதை ஒன்று உண்டு. அமெரிக்கக் கடற்படையின் மார்க் 14 டார்பிடோ. டார்பிடோ என்றால் தண்ணீருக்குள் தானே ஓடிப்போய் எதிரிக் கப்பலை வெடித்துத் தகர்க்கும் ஆயுதம். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கொள்முதல் அமைப்பு ஒன்று எந்தெந்த இடத்தில் உடையும் என்பதை இந்த ஒரு கதையிலேயே பார்த்துவிடலாம்.

அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்தில் நியூபோர்ட் என்ற துறைமுக ஊர் இருக்கிறது. கடற்படையின் டார்பிடோ நிலையம் அங்கே இருந்தது. 1923-ல் நாட்டுக்கே டார்பிடோ வடிவமைப்பது, தயாரிப்பது, சோதிப்பது எல்லாம் அந்த ஒரே இடத்துக்கு என்றாகிவிட்டது. வேறு ஊரில் போட்டித் தொழிற்சாலை வந்தால் தங்கள் தொகுதி மக்களின் வேலை போய்விடும் என்று அந்த வட்டாரத்து நாடாளுமன்ற உறுப்பினர்கள் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டார்கள். 1937-ல் 3,000 தொழிலாளர்கள் மூன்று ஷிப்டில் வேலை பார்த்தும் ஒரு நாளைக்கு ஒன்றரை டார்பிடோதான் வெளிவந்தது. அதே காலத்து நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று கடலுக்குப் போகும்போது 24 டார்பிடோக்களை ஏற்றிக்கொண்டு போகும்.

இந்த நிலையத்துக்கு மேலே வாஷிங்டனில் கடற்படையின் தளவாடப் பிரிவு. பீரங்கி, குண்டு, டார்பிடோ எல்லாம் அதன் பொறுப்பு. வடிவமைத்தவன், செய்தவன், சோதித்தவன், வாங்கியவன், புகார் வந்தால் விசாரிப்பவன் என எல்லாமே ஒரே குடும்பம். பின்னால் நடந்த அத்தனைக்கும் வேர் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

மார்க் 14 அந்தக் காலத்துக்குப் பெரிய சாதனைதான். 20 அடிக்கும் மேல் நீளம், ஒன்றரை டன் எடை, 46 நாட், அதாவது மணிக்கு ஏறத்தாழ 85 கிலோமீட்டர் வேகத்தில் 4,500 கெஜம் ஓடும். விலை ஏறத்தாழ 10,000 டாலர். அதில் மார்க் 6 என்று ஒரு ரகசியக் கருவி பொருத்தப்பட்டது. கப்பலின் இரும்பு உடல் பூமியின் காந்தப்புலத்தைக் குலைக்கும் இல்லையா, அதை உணர்ந்து, கப்பலின் அடிவயிற்றுக்குக் கீழே போகும்போது குண்டை வெடிக்கச் செய்வது அதன் வேலை. பக்கவாட்டில் மோதினால் ஓட்டை விழும். அடியில் வெடித்தால் கப்பலின் முதுகெலும்பே முறிந்துவிடும். யோசனை அருமையானது.

அதை எப்படிச் சோதித்தார்கள் என்பதில்தான் கோளாறு. 1926 மே மாதம், கழித்துப்போட்ட எல்-8 என்ற பழைய நீர்மூழ்கிக் கப்பல்மீது இந்தக் காந்தக் கருவியை வைத்து உண்மையான குண்டோடு இரண்டு முறை சுட்டார்கள். முதலாவது வெடிக்காமல் அடியில் போய்விட்டது. இரண்டாவது வெடித்துக் கப்பல் மூழ்கியது. பாதிக்குப் பாதி. அதன்பின் 1941-ல் போர் வரும்வரை உண்மையான இலக்கின்மீது உண்மையான குண்டை வைத்து ஒரு தடவைகூடச் சுட்டுப் பார்க்கவில்லை. பின்னாளில் எரிக்சன் என்ற பழைய நாசகாரிக் கப்பலைத் தருவதற்குக் கடற்படைத் தலைமை முன்வந்தது. ஆனால் உண்மைக் குண்டு வைக்கக் கூடாது, தப்பித்தவறி கப்பல் மூழ்கினால் தூக்கிக் கொடுக்கும் செலவு தளவாடப் பிரிவுடையது என்று நிபந்தனை போட்டது. பிரிவு பின்வாங்கிவிட்டது. பொருளாதாரப் பெருமந்த காலம். ஒவ்வொரு டார்பிடோவும் திரும்பக் கைக்கு வரவேண்டும் என்ற கவலை. அதனால் பயிற்சியில் வெடிமருந்து இல்லாத முனையை மாட்டி ஓட்டுவார்கள், ஓடி முடிந்ததும் மிதக்கும், எடுத்து வந்து துடைத்து வைப்பார்கள்.

ரகசியம் காக்கிறோம் என்ற பெயரில் நடந்தது இன்னொரு கூத்து. காந்தக் கருவிக்கான பராமரிப்புக் கையேட்டை எழுதினார்கள், அச்சடிக்காமல் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். அந்த ஆயுதத்தைப் பயன்படுத்தப் போகும் கப்பல் தலைவர்களில் பலருக்கு அப்படி ஒரு கருவி இருப்பதே போர் நெருங்கும்வரை தெரியாது.

1941 டிசம்பர் 7 அன்று ஹவாயில் இருந்த அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கியது. மூன்று நாள் கழித்து பிலிப்பைன்ஸின் கவிட்டே கடற்படைத் தளத்தில் ஜப்பானியர் குண்டு போட்டதில் 233 மார்க் 14 டார்பிடோக்கள் எரிந்து போயின. ஒரு நாளைக்கு ஒன்றரை என்ற கணக்கில் பார்த்தால் ஐந்து மாத உற்பத்தி அது. மிச்சம் இருந்ததைச் சிக்கனமாகச் செலவழியுங்கள் என்று கப்பல்களுக்கு உத்தரவு போனது.

அந்த மாதமே சார்கோ என்ற நீர்மூழ்கிக் கப்பலின் தலைவர் டைரல் ஜேக்கப்ஸ் ஆறு தாக்குதல்களில் 13 டார்பிடோக்களைச் சுட்டார். ஒன்றுகூடப் பலிக்கவில்லை. இடையில் காந்தக் கருவியை அவரே செயலிழக்கச் செய்து பார்த்தார். ஆழத்தை மாற்றிப் பார்த்தார். குறியைத் திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டுப் பார்த்தார். கடைசியில் பொறுமை இழந்து, எதிரி கேட்டாலும் கேட்கட்டும் என்று வானொலி மௌனத்தை உடைத்து, இந்த டார்பிடோவை நம்ப முடியவில்லை என்று தலைமைக்குச் செய்தி அனுப்பினார். எதிரியின் கடலில் மறைந்து திரியும் ஒரு தலைவன் அந்த மௌனத்தை உடைக்கிறான் என்றால் அவன் எந்த நிலையில் இருந்திருப்பான் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்படிப் புகார்கள் குவிந்தன. தளவாடப் பிரிவின் பதில் மாறவே இல்லை: டார்பிடோ சரியாக இருக்கிறது, சுடுகிறவர்தான் சரியில்லை. குறி தப்பியது, பராமரிப்பு சரியில்லை, துணிச்சலாக நெருங்கிப் போகவில்லை என்று பழி முழுதும் கப்பல் தலைவர்கள் தலையில் விழுந்தது. பலர் பதவியிலிருந்து இறக்கப்பட்டார்கள். 15, 20 வருடம் இதற்கென்றே பயிற்சி பெற்ற மனிதர்கள், ஓடாத ஆயுதத்தின் குற்றத்தைத் தங்கள் குற்றமாகச் சுமந்துகொண்டு கரையேறினார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மூழ்கடிக்கப்படாமல் தப்பிய ஜப்பானியக் கப்பல்களைவிட அந்த மனிதர்கள்தான் அதிகம் உறுத்துகிறார்கள்.

உடைப்பு வந்தது வாஷிங்டனிலிருந்து அல்ல. ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் நீர்மூழ்கிப் படைக்குத் தலைமையேற்று வந்த சார்லஸ் லாக்வுட் என்ற ரியர் அட்மிரல், தன் தலைவர்கள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டார். 1942 ஜூன் 20 அன்று ஆல்பனி என்ற ஊருக்கு அருகே பிரெஞ்ச்மன் விரிகுடாவில், அங்கிருந்த ஒரு மீனவரிடம் 500 அடி மீன்வலையை வாங்கிக் கடலில் நட்டுவைத்தார்கள். ஸ்கிப்ஜாக் என்ற கப்பலிலிருந்து 850 கெஜ தூரத்தில், 10 அடி ஆழத்தில் ஓடும்படி அமைத்து ஒரு டார்பிடோவைச் சுட்டார்கள். வலையைத் தூக்கிப் பார்த்தால் ஓட்டை 25 அடி ஆழத்தில் இருந்தது. மறுநாளும் சுட்டார்கள், அதே கதை. ஆழம் எதுவும் வேண்டாம் என்று சுழியத்தில் அமைத்ததுகூட 11 அடி ஆழத்தில்தான் வலையைக் கிழித்தது.

மீன்வலை. அவ்வளவுதான். கோடிக்கணக்கில் பணம் போட்ட நிலையம் 15 வருடமாகச் செய்யாததை ஒரு மீன்வலை இரண்டு நாளில் செய்து முடித்தது.

தளவாடப் பிரிவு அதையும் முதலில் ஏற்கவில்லை. டார்பிடோவின் எடைச் சமநிலை சரியாகப் பார்க்கப்படவில்லை, சோதனை விஞ்ஞான முறைப்படி இல்லை என்றது. பிறகு கடற்படைத் தலைவர் அட்மிரல் கிங் நேரடியாகத் தலையிட்டு மறுசோதனைக்கு உத்தரவிட்டார். ஆகஸ்ட் முதல் தேதி, ஆமாம், 10 அடி கூடுதல் ஆழத்தில்தான் ஓடுகிறது என்று ஒப்புக்கொண்டார்கள். காரணம் எளிமையானது. பயிற்சி முனை லேசானது, போர்முனை கனமானது. அளவுகளை லேசானதை வைத்தே சரிபார்த்திருந்தார்கள். போதாததற்கு, ஆழத்தைக் கணிக்க நீரின் அழுத்தத்தை அளக்கும் துளை டார்பிடோவின் பின்பக்கத்தில் இருந்தது. வேகமாக ஓடும்போது அந்த இடத்தில் அழுத்தம் குறையும். கருவி, நாம் மேலே இருக்கிறோம் என்று நினைத்து இன்னும் கீழே இறக்கும்.

ஆழம் சரியானது. உடனே அடுத்த கோளாறு தலைகாட்டியது. காந்தக் கருவி கப்பலை நெருங்குவதற்கு முன்பே வெடிக்கத் தொடங்கியது. கப்பலைச் சுற்றி ஏற்படும் காந்தக் குலைவு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. வட அட்லாண்டிக் கரையில் இருப்பதுபோல் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதில்லை. பெரிஸ்கோப்பில் பார்க்கிற தலைவனுக்குத் தண்ணீர்த் தூண் எழும்புவது தெரியும், இலக்கு அடிபட்டது என்று குறிப்பெழுதுவான், அந்தக் கப்பல் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். 1943 ஜூன் 24 அன்று, பசிபிக் கடற்படைத் தளபதி நிமிட்ஸ், காந்தக் கருவியைச் செயலிழக்கச் செய்யும்படி உத்தரவிட்டார்.

இந்த இடத்தில் ரால்ஃப் கிறிஸ்டி என்பவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1920-களில் நியூபோர்ட்டில் அந்தக் காந்தக் கருவி உருவானபோது அதில் உழைத்தவர் அவர். திறமையானவர். போரின்போது, லாக்வுட் பேர்ல் ஹார்பருக்கு மாறியபின், ஆஸ்திரேலியாவில் அவர் இடத்துக்கு வந்தவர் இவர்தான். நிமிட்ஸின் கட்டளை அவர் படைப்பிரிவுக்குப் பொருந்தாது. அதனால் பேர்ல் ஹார்பரிலிருந்து கிளம்பும் கப்பல்கள் கருவியை முடக்கிவிட்டுப் போக, ஆஸ்திரேலியாவிலிருந்து கிளம்பும் கப்பல்கள் அதே கருவியை முடுக்கிவிட்டுப் போயின. அவருடைய மேலதிகாரி உத்தரவு போட்டு நிறுத்தும்வரை மேலும் ஏறத்தாழ ஆறு மாதம் இப்படியே ஓடியது. கிறிஸ்டி கெட்டவர் இல்லை, தன் கருவியை மனதார நம்பினார். தான் பெற்ற பிள்ளைமீது வரும் புகாரைத் தானே விசாரிக்கும் இடத்தில் ஒருவரை உட்கார வைத்தால் இதுதான் நடக்கும்.

காந்தக் கருவியும் போனது. இனி மோதினால் வெடிக்கும் பழைய முறை மட்டும்தான். அதுவும் கைவிட்டது. 1943 ஜூலை 24. ட்ரக் தீவுக்கு மேற்கே, டினோசா என்ற கப்பலின் தலைவர் டாஸ்பிட் கண்ணில் டோனன் மாரு 3 என்ற 19,000 டன் எண்ணெய்க் கப்பல் பட்டது. திமிங்கில வேட்டைக்கான தொழிற்சாலைக் கப்பலாக இருந்து எண்ணெய்க் கப்பலாக மாற்றப்பட்டது அது. தூரத்திலிருந்து, கோணம் சரியில்லாத நிலையில் நான்கு சுட்டார், இரண்டு பட்டுக் கப்பல் அப்படியே நின்றுவிட்டது. இன்னும் இரண்டு. அவையும் பட்டன. பக்கத்தில் பாதுகாப்புக் கப்பல் எதுவும் இல்லை. டாஸ்பிட் நிதானமாகச் சுற்றிவந்து, பாடப்புத்தகத்தில் சொன்னபடி, 875 கெஜ தூரத்தில், நேர் செங்குத்தாக நின்றுகொண்டு ஒவ்வொன்றாகச் சுட்டார். ஒன்பது டார்பிடோக்கள். ஒவ்வொன்றும் கப்பலின் பக்கத்தில் போய் மோதுவதைப் பெரிஸ்கோப்பில் கண்ணால் பார்த்தார். ஒன்றும் வெடிக்கவில்லை. கடைசி ஒன்றைச் சுடாமல் வைத்துக்கொண்டு, ஆராய்ந்து பாருங்கள் என்று பேர்ல் ஹார்பருக்குக் கொண்டுவந்தார். பிரித்துப் பார்த்ததில் அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

லாக்வுட் மறுபடியும் சொந்தமாகச் சோதனையில் இறங்கினார். ஹவாயின் கஹூலாவே தீவுப் பாறைகள்மீது உண்மையான டார்பிடோக்களைச் சுட்டார்கள். மூன்றாவது வெடிக்கவில்லை. உயிரோடிருக்கும் குண்டைக் கடலடியிலிருந்து மீட்டுப் பிரித்தார்கள். பிறகு வெடிமருந்துக்குப் பதில் கான்கிரீட் நிரப்பிய முனைகளை 90 அடி உயரத்திலிருந்து இரும்புத் தகட்டின்மீது போட்டுப் பார்த்தார்கள். நேர் செங்குத்தாக விழுந்தவற்றில் பத்துக்கு ஏழு பழுதாயின. சாய்வாக விழுந்தவை அதைவிட நன்றாகவே வேலை செய்தன. மோதும் வேகத்தில் ஃபயரிங் பின், அதாவது தட்டிக் குண்டை வெடிக்க வைக்கும் ஊசி, தன் தடத்தில் சிக்கி வளைந்துகொண்டது. பழைய, வேகம் குறைந்த டார்பிடோவுக்காகச் செய்த அமைப்பு அது. 46 நாட் வேகத்தைத் தாங்கவில்லை. அதாவது, எந்த நேர்த்தியான செங்கோணத் தாக்குதலைச் செய்யும்படி தலைவர்களுக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்களோ, அந்தக் கோணத்தில்தான் ஆயுதம் மிக அதிகமாகப் பொய்த்தது. சாய்வாகப் பட்ட டாஸ்பிட்டின் முதல் இரண்டும் ஏன் கப்பலை நிறுத்தின என்பதற்கும் விடை கிடைத்துவிட்டது. லேசான உலோகத்தில் புதிய பின் செய்து மாட்டினார்கள். 1943 செப்டம்பரில் சரியான டார்பிடோவோடு முதல் கப்பல் கடலுக்குப் போனது. போர் தொடங்கி 21 மாதம்.

மூன்று கோளாறுகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஒளிந்திருந்தன என்பதைக் கவனியுங்கள். ஆழம் தப்பாக இருக்கும்வரை காந்தக் கருவியின் குறை தெரியாது. காந்தக் கருவி இருக்கும்வரை ஃபயரிங் பின்னின் குறை தெரியாது. அமைதிக் காலத்தில் உண்மைக் குண்டோடு நாலைந்து பழைய கப்பல்களைச் சுட்டிருந்தால் ஒரே மாதத்தில் மூன்றும் வெளிவந்திருக்கும். மிச்சப்படுத்தியது சில பழைய கப்பல்களின் இரும்பையும் சில பத்தாயிரம் டாலர்களையும்தான்.

தவறு அமெரிக்காவுக்கு மட்டும் சொந்தமில்லை. ஜெர்மானியர்களுக்கும் 1940-ல் நார்வேயில் டார்பிடோ பொய்த்தது. அவர்கள் பொறுப்பான அதிகாரிகளை ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். பிரிட்டிஷாருக்கு நடந்தது இன்னும் பாடமானது. 1941 மே 26, ஜெர்மனியின் பிஸ்மார்க் போர்க்கப்பலைத் துரத்திக்கொண்டிருந்தபோது ஆர்க் ராயல் கப்பலிலிருந்து கிளம்பிய விமானங்கள் தவறுதலாகத் தங்கள் சொந்தக் கப்பலான ஷெஃபீல்டைத் தாக்கிவிட்டன. நல்லவேளை, காந்த முறையில் வைத்திருந்த டார்பிடோக்களில் பல தண்ணீரைத் தொட்டதுமே வெடித்தன, ஷெஃபீல்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. திரும்பிவந்த விமானிகள் நடந்ததைச் சொன்னார்கள். அன்று மாலையே மோதினால் வெடிக்கும் முறைக்கு மாற்றிக்கொண்டு மறுபடி கிளம்பினார்கள். பிஸ்மார்க்கின் சுக்கானை உடைத்தது அந்தத் தாக்குதல்தான். அங்கே விமானியின் பேச்சுக்கும் ஆயுதத்தின் அமைப்புக்கும் நடுவில் ஒரு கப்பல் தளம்தான் தூரம். அமெரிக்காவில் அந்தத் தூரம் 21 மாதம்.

இதைப் படித்துவிட்டு, அதிகாரிகளைத் தள்ளிவிட்டு மேலிருந்து ஒரு துணிச்சலான மந்திரி முடிவெடுத்தால் போதும் என்று தோன்றலாம். எம்16 துப்பாக்கி அதற்குப் பதில் சொல்லும்.

யூஜின் ஸ்டோனர் வடிவமைத்த ஏஆர்-15தான் பின்னால் எம்16 ஆனது. லேசானது, நல்ல துப்பாக்கி. அமெரிக்கத் தரைப்படையின் தளவாடப் பிரிவுக்கு அது பிடிக்கவில்லை, தங்கள் சொந்தத் தயாரிப்பான எம்14-ஐ விடுவதற்கு மனம் வரவில்லை. பாதுகாப்பு அமைச்சர் மெக்னமாரா எம்14 உற்பத்தியை நிறுத்தச் சொல்லி, 1963-ல் புதிய துப்பாக்கியை வாங்க வைத்தார். தீர்ந்ததா? இல்லை. பிடிக்காத மருமகளைப்போல் அந்தத் துப்பாக்கி தளவாடப் பிரிவு வீட்டுக்குள் வந்தது. தோட்டா நொடிக்கு 3,250 அடி வேகத்தில் போகவேண்டும் என்று ஒரு விதி காகிதத்தில் இருந்தது. போர்முனையில் யாரும் கேட்காத விதி. ஸ்டோனர் எந்த வெடித்தூளை வைத்துத் துப்பாக்கியைச் சரிப்படுத்தியிருந்தாரோ, அதைக் கொண்டு மொத்த உற்பத்தியில் அந்த வேகத்தை எட்டுவது கடினமாக இருந்தது. 1964-ல் வேறு வகைத் தூளுக்கு மாறினார்கள். புதிய தூளில் துப்பாக்கி அளவுக்கு மீறிய வேகத்தில் சுட்டது, உள்ளே கரி அதிகம் படிந்தது.

நிமிடத்துக்கு 850 தோட்டாவைத் தாண்டக் கூடாது என்பது துப்பாக்கிக்கான விதி. புதிய தூளில் அது தாண்டியது. அந்தத் துப்பாக்கிகளை அரசு ஏற்காது, தொழிற்சாலை ஸ்தம்பித்துவிடும். என்ன செய்தார்கள் தெரியுமா? தொழிற்சாலையில் சோதிக்கும்போது பழைய தூள் தோட்டாவைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று அனுமதித்தார்கள். சோதனையில் ஒரு தோட்டா, வியட்நாமில் வீரனுக்கு வேறொரு தோட்டா. கையெழுத்து, முத்திரை, எல்லாம் விதிப்படி.

வியட்நாமின் ஈரத்துக்குத் தோட்டா அறையில் குரோமியம் பூச வேண்டும், அதைச் செய்யவில்லை. தானே சுத்தமாகிக்கொள்ளும் துப்பாக்கி என்ற பேச்சைப் பரப்பி, துடைக்கும் கம்பிகூடப் போதிய அளவு அனுப்பவில்லை. சுட்ட தோட்டாவின் உறை உள்ளே சிக்கிக்கொண்டால், நீளமான கம்பியைக் குழலுக்குள் விட்டுக் குத்தித் தள்ளவேண்டும். எதிரி சுட்டுக்கொண்டிருக்கும்போது. கம்பி இல்லாதவன் கதி என்ன? பிரித்துப்போட்ட துப்பாக்கிக்குப் பக்கத்திலேயே இறந்து கிடந்த வீரர்களைப் பற்றி உடனிருந்தவர்கள் வீட்டுக்குக் கடிதம் எழுதினார்கள். பெற்றோர் அந்தக் கடிதங்களை நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு அனுப்பினார்கள். 1967-ல் ரிச்சர்ட் இச்சார்ட் தலைமையிலான துணைக்குழு விசாரித்தது. தோட்டாக் கோளாறு தெரிந்தும் அதிகாரிகள் சரிசெய்யாமல் இருந்தது குற்றவியல் அலட்சியத்தின் எல்லையைத் தொடுகிறது என்று அறிக்கை எழுதியது. குரோமியம் பூசி, துடைக்கும் கருவி கொடுத்து, பராமரிக்கக் கற்றுக்கொடுத்ததும் அதே துப்பாக்கி நம்பகமானதாகிவிட்டது. இன்றைக்கும் அதன் வழித்தோன்றல்கள் பல படைகளின் கையில் இருக்கின்றன.

அதிகாரிகளுக்காகவும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தளவாடத் தலைவராக இருந்த ஜேம்ஸ் ரிப்ளி, ஏழு தோட்டா அடுக்கிச் சுடும் ஸ்பென்சர் துப்பாக்கியை வாங்க மறுத்துக்கொண்டே இருந்தார் என்று எல்லாரும் அவரைத் திட்டுவார்கள். கர்னல் வைல்டரின் படைவீரர்கள் கடன் பட்டுச் சொந்தச் செலவில் ஸ்பென்சர் வாங்க முனைந்ததும், 1863-ல் லிங்கனே சுட்டுப் பார்த்ததும், அதன்பின் ரிப்ளி போனதும் உண்மைதான். ஆனால் அவர் கவலையும் பொய்யில்லை. அளவுக்கொன்றாகப் பலவகைத் தோட்டாக்களைப் பல லட்சம் பேருக்கு வண்டியில் ஏற்றி அனுப்புகிறவன் தலைவலி துப்பாக்கியை மட்டும் பார்க்கிறவனுக்குத் தெரியாது. தளவாட அலுவலகம் தேவை. அது தயங்குவதற்கும் காரணங்கள் உண்டு. தயக்கத்தைத் தீர்த்துவைக்கப் பொதுவான, நேர்மையான சோதனை ஒன்று வேண்டும் என்பதுதான் விஷயம்.

நம் நாட்டில் அப்படி ஒரு சோதனை விவகாரத்தைத் திருப்பியது உண்டு. ஆவடியில் உருவான அர்ஜுன் டாங்கிக்கு 1974-ல் அனுமதி கிடைத்தது, படைக்கு வர 2004 ஆனது. அதற்குள் ரஷ்ய டி-90 டாங்கிகளை ராணுவம் வாங்கத் தொடங்கிவிட்டது. தேவைகளை மாற்றிக்கொண்டே போனார்கள் என்று வடிவமைத்தவர்களும், சொன்ன காலத்தில் தரவில்லை என்று ராணுவமும் வருடக்கணக்கில் மாறி மாறிக் குற்றம் சொன்னார்கள். 2010-ல் இரண்டையும் ராஜஸ்தான் பாலைவனத்தில் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். அந்த வருடமே இன்னும் 124 அர்ஜுனுக்கு ஆர்டர் போனது. பத்து வருடம் முன்பே இதைச் செய்திருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

கடைசியாக, ஊழல். நம் அனுபவத்தில் லஞ்சத்தைவிட அதிகச் சேதம் செய்தது லஞ்சப் புகாருக்குப் பிறகு வந்த பயம் என்று நான் கருதுகிறேன். 1986 மார்ச்சில் போபர்ஸ் நிறுவனத்தோடு 1,437 கோடி ரூபாய்க்குப் பீரங்கி ஒப்பந்தம். 1987 ஏப்ரலில் சுவீடன் வானொலி லஞ்சப் புகாரை வெளியிட்டது. 64 கோடி ரூபாய் கமிஷன் என்று பேசப்பட்டது. வழக்கு நடந்ததில் தவறே இல்லை, நடக்கத்தான் வேண்டும். ஆனால் அதன்பின் கோப்பில் கையெழுத்துப் போட யாருக்கும் கை வரவில்லை. இந்தியா அடுத்ததாக வெளிநாட்டு 155 மி.மீ. இழுவைப் பீரங்கிக்கு ஒப்பந்தம் போட்டது 2016 நவம்பரில், அமெரிக்காவின் எம்777-க்கு. முப்பது வருட இடைவெளி. நடுவில் 1999-ல் கார்கில் வந்தது. மலை உச்சிகளை அடித்து வழி திறந்தவை, புகாருக்குள்ளான அதே பீரங்கிகள்தான். உள்நாட்டில் செய்துகொள்வதற்கான வரைபடங்கள் ஒப்பந்தத்தோடேயே வந்திருந்தன. அவற்றை எடுத்து தனுஷ் பீரங்கியைச் செய்யத் தொடங்க இருபது வருடத்துக்கும் மேல் ஆனது.

நீர்மூழ்கிக் கப்பலிலும் இதே கதைதான். 1981-ல் ஜெர்மனியின் எச்டிடபிள்யூ நிறுவனத்தோடு நான்கு கப்பல்களுக்கு ஒப்பந்தம். இரண்டு அங்கே கட்டித் தருவார்கள், இரண்டு மும்பை மசகான் கப்பல் தளத்தில் நம்மவர்கள் கட்டுவார்கள். ஆழ்கடல் அழுத்தத்தைத் தாங்கும் உருக்கை வெல்டிங் செய்வது லேசான வேலை இல்லை. அதைக் கற்றுக்கொண்டு 1992-ல் ஷல்கி, 1994-ல் ஷங்குல் என்று இரண்டையும் கட்டிக் கொடுத்தார்கள். இதற்கிடையே கமிஷன் புகார் கிளம்பியிருந்தது, தொடர்ந்து கட்டவிருந்த கப்பல்கள் கைவிடப்பட்டன. வேலை இல்லாத கப்பல் தளத்தில் கைத்தொழில் எத்தனை நாள் நிற்கும்? அடுத்த ஒப்பந்தம் 2005-ல், இந்த முறை பிரான்ஸோடு, மறுபடி முதலிலிருந்து கற்றுக்கொண்டார்கள். அந்த வரிசையின் முதல் கப்பல் கல்வரி கடற்படையில் சேர்ந்தது 2017 டிசம்பரில்.